நாவற்குழிப் பாலம் தாண்டாத சமன்பாடு

எங்கள் சஞ்சிகையை மூடிவிடலாம் என்று கணினித் திரையில் ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. கத்திச் சொல்லியிருந்தால் நானும் நன்றாகக் கத்தியிருப்பேன்.

சஞ்சிகை என்றதும் சினிமாப் படமும் இராசிபலனும் போட்ட சாமான் என்று நினைக்க வேண்டாம். இது பௌதிக ஆய்வுச் சஞ்சிகை. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பிக்கிற சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஓர் இதழ் போடுவோம். கட்டுரைகள் ஆங்கிலத்தில் வரும், ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு சுருக்கம் இருக்கும். திருநெல்வேலியில் பலாலி வீதியோரம் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே எங்கள் அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை நடுங்கும். அந்த மேசையில் இருக்கிற பதிப்பாசிரியர் நான். பல வருடமாக நான்தான். அந்த வேலையை வேறு ஒருவரும் கேட்கவில்லை, நானும் விடவில்லை.

திரையில் பேசியவர் ஆய்வுச் சஞ்சிகைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற ஒரு குழுவைச் சேர்ந்தவர். அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள சஞ்சிகையில் எழுதினால் பதவியுயர்வுக்குப் புள்ளி உண்டு. அதில் இல்லாத சஞ்சிகையில் எழுதினால் ஒன்றும் இல்லை. புள்ளி கிடைக்காத இடத்துக்கு எந்த இளம் விரிவுரையாளர் கட்டுரை அனுப்புவார்? கட்டுரை வராத சஞ்சிகை எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? பட்டியலிலிருந்து எங்களை எடுப்பதும் எங்களுக்குப் பாடை கட்டுவதும் ஒன்றுதான்.

எடுப்பதற்கு அவர் காட்டிய காரணம் ஓர் எண். தாக்கக் காரணி என்று அதற்குப் பெயர். ஒரு சஞ்சிகையில் கடைசி இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தரம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். அதைக் கட்டுரைகளின் தொகையால் பிரிப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கணக்கு. எங்களுக்கு வந்த விடை பூச்சியத்துக்கு அடுத்த வீடு.

"உங்கடை சஞ்சிகையை ஆரும் வாசிக்கிறதாத் தெரியேல்லையே மேடம்," என்றார் அவர். "அடுத்த இதழ் வரட்டும், பாப்பம். அப்பவும் கூடேல்லை எண்டால் வேறை ஒரு சஞ்சிகையோடை சேர்த்துவிடுவம். உங்களுக்கும் சுகம்தானே."

சுகமாம்! கரண்ட் இல்லாத நாட்களில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துக் கட்டுரை திருத்தியவள் நான். கடதாசி கிடைக்காத காலத்தில் பாடசாலைக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து ஆய்வு முடிவு எழுதி அனுப்பியவர்கள் எங்களிடம் இருந்தார்கள். அவர்கள் ஒருவரும் சுகம் கேட்கவில்லை. ஆனால் இதையெல்லாம் திரைக்குச் சொல்லி என்ன பயன்? "சரி, பாப்பம்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தேன்.

பக்கத்தில் எங்கள் சங்கச் செயலாளர் இருந்தார். என்னைவிட இளையவர், ஒரு கல்லூரியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் எடுக்கிறவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். நல்ல மனுசன். ஆனால் நல்ல மனுசருக்குப் பயம் வந்தால் கெட்ட யோசனை கெதியில் வரும்.

"அக்கா, உதுக்கு ஒரு வழி இருக்கு," என்றார். "கட்டுரை அனுப்புற ஆக்களிட்டைச் சொல்லுவம், எங்கடை இதழ்களிலையிருந்து ஒரு அஞ்சு கட்டுரையை மேற்கோள் காட்டினால்தான் எடுப்பம் எண்டு. நாங்கள் மட்டுமே? எத்தினை இடத்திலை உதுதான் நடக்குது."

"தராசுத் தட்டுக்குக் கீழை புளி ஒட்டுற வேலை," என்றேன்.

"அப்ப மற்ற வழி. வெளிநாட்டிலை ஒரு சஞ்சிகைக்காரர் ஈமெயில் போட்டிருக்கினம். நாங்கள் அவையைக் காட்டினால் அவை எங்களைக் காட்டுவினமாம்."

"வேலிக்கு ஓணான் சாட்சி! போங்கோ தம்பி, விசர்க் கதை கதையாமல்."

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "அப்ப கையைக் கட்டிக்கொண்டு பாத்துக்கொண்டு இருப்பமே? மூடட்டும் எண்டு விடுவமே?" என்று கேட்டுவிட்டுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிப் போனார். அன்றைக்கு வீட்டில் எல்லோரிலும் எரிந்து விழுந்தேன்.

கொஞ்ச நாளில் அடுத்த இதழுக்கான முதல் கட்டுரை வந்தது. அனுப்பியவள் சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை, என்னிடம் படித்தவள். இப்போது தற்காலிக விரிவுரையாளராக இருக்கிறாள். நிரந்தரமாக்குவதற்கு அவளுக்குக் கட்டுரைகள் தேவை. எழுதியிருந்த விடயம் சூரியத் தகடுகளில் படியும் தூசி. அதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது, ஏனென்றால் அது என்னுடைய விடயம். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசுகிற மாதங்களில் வலிகாமத்துத் தோட்டங்களின் செம்மண் எழும்பிப் போய்க் கூரைத் தகடுகளில் குந்திக்கொள்ளும். எத்தனை நாள் துடைக்காமல் விட்டால் எவ்வளவு மின்சாரம் குறையும் என்று சுன்னாகத்தில் ஒரு கூரையில் ஏறி ஏறி அளந்து, ஒரு சமன்பாடு கண்டுபிடித்து, சில வருடங்களுக்கு முன்பு எங்கள் சஞ்சிகையில் எழுதியிருந்தேன்.

அவளுடைய கட்டுரையின் நடுவில் அந்தச் சமன்பாடு இருந்தது. பெற்ற பிள்ளையைச் சந்தையில் கண்டாலும் தெரியாதா? ஆனால் அதற்குப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு கட்டுரையின் கடைசியில் உள்ள உசாத்துணைப் பட்டியலுக்குப் போனால், அங்கே எங்கேயோ ஒரு பாலைவன நாட்டு ஆய்வாளரின் பெயர் கிடக்கிறது. என் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. அதற்குக் கீழே நன்றி சொல்லும் பகுதியில்தான் நான் இருந்தேன். எனக்கு எல்லாவற்றிலும் வழிகாட்டிய என் மதிப்புக்குரிய ஆசிரியைக்கு மனமார்ந்த நன்றிகள் என்று, வாழ்த்துமடல் வாசிப்பதுபோல நாலு வரி.

அவளைக் கூப்பிட்டேன். அடுத்த நாளே அறைக்கு வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"பிள்ளை, இந்தச் சமன்பாடு ஆற்றை?"

"உங்கடை, மிஸ்."

"அப்ப பாலைவனத்துக்காரன்ரை பேர் ஏன் கிடக்கு?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "அவரும் தூசியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் மிஸ்."

"தூசியைப் பற்றி ஆரும் எழுதலாம். சமன்பாடு என்ரை எண்டு நீயே சொல்லுறாய். பேந்து ஏன் என்ரை பேரைப் போடேல்லை?"

"உங்கடை பேரை மொட்டையா எப்பிடி மிஸ் எழுதுறது?" என்றாள். அழுகிற குரலில் சொன்னாள், ஆனால் அழவில்லை. "மிஸ் எண்டும் போடேலாது, கலாநிதிப் பட்டமும் போடேலாது. வெறும் பேரும் வருசமும். அம்மா கண்டால் செருப்பாலை அடிப்பா. அதுதான் நன்றியிலை வடிவாப் போட்டனான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆனால் அவள் சொன்னது எனக்குப் புதிது இல்லை. எங்கள் ஊரில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது சண்டைக்குக் கூப்பிடுகிறது மாதிரி. என் அம்மாவிடம் ஆஸ்பத்திரியில் அப்பாவின் பெயரைக் கேட்டபோது, அவர் வாயே திறக்காமல் என் முழங்கையில் இடித்தார். பெயரை நான்தான் சொன்னேன். பிள்ளை தகப்பனின் பெயரைச் சொல்லலாமாம், பெண்சாதி சொல்லக்கூடாதாம். ஒழுங்கைக்கு ஒழுங்கை, வீட்டுக்கு வீடு மாமாவும் அண்ணையும், படிப்பித்த ரீச்சரும் சேருமாக வளர்ந்த பிள்ளை, படிப்பித்தவளின் பெயரை வாலும் தலையும் இல்லாமல் எழுது என்றால் கை கூசாதா?

அவள் போன பிறகு என் மண்டைக்குள் ஒன்று குடையத் தொடங்கியது. செயலாளரை வரச் சொன்னேன். முறுக்கிக்கொண்டுதான் வந்தார். அலுமாரியில் இருந்த பழைய இதழ்களை எல்லாம் இறக்கி மேசையில் போட்டு, இரண்டு பேரும் இருந்து கட்டுரைகளின் கடைசிப் பக்கங்களை மட்டும் பார்த்தோம். ஐயோ, ஐயோ! கட்டுரைக்குக் கட்டுரை இதே கதை. எங்கள் பழைய பேராசிரியர் ஒருவரின் முறையை வைத்துத்தான் வேலை முழுக்கச் செய்திருப்பார்கள். உசாத்துணையில் அவர் இருக்கமாட்டார், வெள்ளைக்காரர் நிரை கட்டி நிற்பார்கள். கீழே நன்றியில் மட்டும் சேர் மாலை போட்ட படம் மாதிரி இருப்பார்.

செயலாளர் ஓர் இதழை விரித்து என் பக்கம் தள்ளினார். "அக்கா, இது நான் எழுதினது," என்றார். "சேரின்ரை முறையை அப்பிடியே பாவிச்சிருக்கிறன். நன்றியும் சொல்லியிருக்கிறன். மேற்கோளிலை ஆரோ ஒரு ஜேர்மன்காரன். அந்த ஜேர்மன்காரன்ரை கட்டுரையை நான் முழுக்க வாசிக்கக்கூட இல்லை அக்கா."

"அட கோதாரி!" என்று நான் சொல்ல, அவரும் சிரிக்கத் தொடங்கினார். கீழே கடைக்காரர் என்ன சத்தம் என்று ஏறி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

சிரித்து முடிய எனக்குக் கோபம் வந்தது. எங்களை ஒருவரும் வாசிக்கவில்லை என்று அந்த மனுசன் சொன்னது சுத்தப் பொய். வாசித்திருக்கிறார்கள். வரிக்கு வரி வாசித்து, பாவித்து, கும்பிட்டும் இருக்கிறார்கள். எழுதத்தான் இல்லை. கும்பிட்டதை எந்தக் கணினி எண்ணும்? எங்கள் மரியாதையே எங்கள் சஞ்சிகையின் கழுத்தில் கயிறாக இருந்திருக்கிறது.

உடனே அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். "மரியாதையைத் தூக்கி ஒரு பக்கத்திலை வை. என்ரை பேரைப் போடு, வருசத்தைப் போடு. உன்ரை அம்மாவோடை நான் கதைக்கிறன்," என்றேன். ஓம் மிஸ் என்று சொல்லுவாள் என்று பார்த்தால், மிஸ் என்று இழுத்தாள்.

"என்ன பிள்ளை?"

"இன்னுமொண்டு இருக்கு மிஸ். சொன்னால் குறை நினைப்பியளோ தெரியேல்லை."

"சொல்லு."

"உங்கடை சமன்பாடு நாவற்குழிப் பாலம் தாண்டேல்லை மிஸ்."

நாவற்குழிப் பாலம் வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவே கடல்நீரேரியின் மேலே இருக்கிறது. அவள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே அவள் தன் வீட்டுத் தகடுகளில் ஒரு வருடமாக அளந்து பார்த்திருக்கிறாள். என் சமன்பாடு சொன்ன கணக்கு ஒரு மாதத்திலும் சரிவரவில்லையாம். அதை வெளிப்படையாக எழுத மனமில்லாமல், அளவீடுகளில் சிறு வேறுபாடு காணப்பட்டது என்று கட்டுரையில் பட்டும் படாமலும் எழுதி வைத்திருந்தாள். நானும் மேற்கோளைத் தேடுகிற அவசரத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தேன்.

எனக்கு வலித்தது. பொய் சொல்லமாட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கூரையில் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்து பெற்ற குஞ்சு அது. "உன்ரை மீற்றர் பிழையாயிருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

ஆனாலும் சனிக்கிழமை என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. சாவகச்சேரிக்கு பஸ் ஏறினேன். அவள் ஸ்கூட்டியில் வந்து ஏற்றிக்கொண்டு போனாள். கடல்நீரேரிக் கரைக்குக் கிட்டத்தான் வீடு. ஏணி வைத்துச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். கீழே அவளுடைய தாய், "மிஸ், கவனம், விழுந்து கிழுந்து போகாதையுங்கோ!" என்று ஏணியையும் தெய்வத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தகட்டில் இருந்தது எனக்குப் பழக்கமான செம்மண் தூள் இல்லை. சாம்பல் நிறத்தில் பூசி மெழுகினது மாதிரி ஒரு படலம். விரலால் தேய்த்தேன், இலேசில் வரவில்லை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு!

அதோடு எனக்கு விளங்கிவிட்டது. கடலுக்குத் தள்ளியிருக்கிற சுன்னாகத்தில் காற்று கொண்டுவந்த தூசியில் ஒரு பங்கைக் காற்றே திரும்பக் கொண்டுபோகும். என் சமன்பாடு அதை நம்பித்தான் நிற்கிறது. இங்கே நீரேரியிலிருந்து வருகிற காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு இரவுப் பனியைப் பிடித்துக்கொண்டு தூசியைப் பசையாக்கிவிடும். பகல் வெயிலில் அது சாந்து மாதிரி இறுகும். பிறகு எந்தக் காற்று அதைக் கிளப்பும்?

"உன்ரை மீற்றர் சரி," என்று மேலேயிருந்தே சொன்னேன். "நான்தான் பிழை. அப்பிடியே எழுது. பேரைப் போட்டு, இந்தச் சமன்பாடு இஞ்சை சரிவராது எண்டு நேர எழுது. பட்டும் படாமலும் எழுதினால் நான் எடுக்கமாட்டன்."

இறங்கி வரும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பல வருடமாக எனக்கு நன்றி சொன்னவர்கள் நிறையப் பேர். என் சமன்பாட்டைக் கூரையில் ஏற்றி வைத்து, வெயிலிலும் மழையிலும் விட்டு, நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

என் கட்டுரையை விமர்சிக்கிற கட்டுரைக்கு நானே நீதிபதியாக இருக்கக்கூடாது. ஆகவே அதைச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வெளி இடங்களில் இருந்த இரண்டு பேருக்கு மதிப்பிட அனுப்பினார். இரண்டு பேரும் போடலாம் என்றார்கள். அப்போதும் செயலாளருக்கு மனம் வரவில்லை.

"அக்கா, இந்த இதழைத்தான் அவை பாக்கப்போகினம். பதிப்பாசிரியரே பிழை விட்டிருக்கிறா எண்டு பதிப்பாசிரியரின்ரை சஞ்சிகையே சொன்னால், என்ன நினைப்பினம்? அடுத்த வருசம் போடுவமே?"

"அடுத்த வருசம் உப்பு இனிக்குமோ?" என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கட்டுரையை இதழில் சேர்த்தார்.

இதழின் உள்ளடக்கம் முடிவானதும் குழுவோடு மறுபடியும் திரையில் கூட்டம் வைத்தார்கள். அதே மரியாதைக்காரர். நான் கதையை முழுக்கச் சொன்னேன். நன்றி சொல்லிச் சொல்லியே எங்கள் மேற்கோள்களைத் தின்றுவிட்டோம் என்றும், இனி அப்படி நடக்காது என்றும் சொன்னேன். இதோ முதலாவது என்று அந்தக் கட்டுரையையும் காட்டினேன். அவர் கவனமாகத்தான் கேட்டார்.

"நல்ல விசயம் மேடம். உங்கடை கட்டுரை எப்ப வந்தது?"

வருடத்தைச் சொன்னேன்.

"அது இரண்டு வருசத்துக்கு முந்தினதெல்லே? அப்ப கணக்கிலை வராது."

எனக்குத் தெரிந்த விதிதான். அந்தச் சந்தோஷத்தில் அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. செம்மண்ணுக்கும் உப்புக்கும் வித்தியாசம் காண ஒரு பிள்ளை ஒரு வருடம் கூரையில் நின்றாள். அவளுக்குமுன் நான் பல மாதம் நின்றேன். எங்கள் காற்றும் மழையும் அவர்களுடைய இரண்டு வருடத்துக்குள் அடங்கி நடக்க வேண்டுமாம்.

"சில சஞ்சிகையள் தங்கடை எழுத்தாளர்மாருக்குச் சொல்லி எண்ணைக் கொஞ்சம் கூட்டி எடுத்திருக்கினம்," என்றார் அவர், உதவி செய்கிற குரலில். "நீங்களும் அப்பிடி ஏதும் செய்யலாமே."

"அது எங்களுக்கு வேண்டாம்," என்றேன்.

"அப்ப பட்டியலிலையிருந்து எடுக்கத்தான் வேணும் மேடம்."

"தாராளமா எடுங்கோ. பட்டியல் உங்கடை. சஞ்சிகை எங்கடை. ஒருத்தரோடையும் சேர்க்கவும் மாட்டம், மூடவும் மாட்டம்." பக்கத்தில் இருந்த செயலாளர் என் சொல்லை மறிப்பார் என்று நினைத்தேன். அவர் திரைக்குக் கிட்டக் குனிந்து, "ஓம், மூடமாட்டம்," என்றார்.

வீரம் பேசுவது இலேசு. அதற்கு விலை கொடுக்கப்போவது அந்தப் பிள்ளை. பட்டியலில் இல்லாத சஞ்சிகையில் இது வந்தால் அவளுடைய நிரந்தர வேலைக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. இதழ் அச்சுக்குப் போக முன்னம் அவளை அறைக்குக் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"இதைத் திருப்பி எடு பிள்ளை. பட்டியலிலை உள்ள வேறை சஞ்சிகைக்கு அனுப்பு. நல்ல கட்டுரை, கட்டாயம் எடுப்பினம். நான் குறை நினைக்கமாட்டன்."

"புள்ளிக்கு வேறை ஒண்டு எழுதி அனுப்புறன் மிஸ். இது இஞ்சைதான் வரோணும்."

"விசரே உனக்கு? வேலை முக்கியமில்லையே?"

"முக்கியம்தான் மிஸ்," என்றாள். இந்த முறை நிலத்தைப் பார்க்கவில்லை. "ஆனா நீங்கள் பிழை எண்டு சொல்லுறதெண்டால் உங்கடை வீட்டை வந்து, உங்கடை முகத்தைப் பாத்துச் சொல்லோணும். வேறை வீட்டிலை போய்ச் சொன்னால் அது கோள் மிஸ்."

அவளுடைய கட்டுரையை முதலாம் பக்கத்தில் போட்டேன்.